அணையின் காலை நிலவரத்தைக் கொண்டு தண்ணீரையும் மின்சாரத்தையும் கணக்கிடுவது எப்படி? வைகை அணையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தேனி, மதுரை மாவட்டங்களில் நாளிதழ் வாங்குகிற பலரும் முதலில் தேடுவது ஒரு சின்னக் கட்டத்தைத்தான். பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகா நதி என்று அணைகளின் பெயர்கள் வரிசையாக இருக்க, ஒவ்வொன்றின் எதிரேயும் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு ஆகியவை எண்களாகத் தரப்பட்டிருக்கும். பெரும்பாலோர் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஏறியிருந்தால் மகிழ்ந்தும் இறங்கியிருந்தால் கவலைப்பட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த நான்கு எண்களும் ஒரு பென்சிலும் இருந்தால், அணையில் உள்ள நீர் எத்தனை நாளைக்கு வரும், அணையடியில் உள்ள மின் நிலையம் இன்று ஓடுகிறதா, ஓடினால் ஏறத்தாழ எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பவற்றை வீட்டில் இருந்தபடியே கணக்கிட்டுவிடலாம். அதற்கான முறையை, பாசனம், குடிநீர், வெள்ளத் தடுப்பு, மின் உற்பத்தி ஆகிய நான்கு வேலைகளையும் ஒருசேரச் செய்கிற வைகை அணையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

ஆண்டிபட்டிக்கு அருகே வைகையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட இந்த அணை, காமராஜர் முதலமைச்சராக இருந்த 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அணையின் உயரம் 111 அடி. ஆனால் நீர் தேக்கும் முழு அளவு 71 அடிதான். செய்தியில் வரும் நீர்மட்டம் இந்த 71 அடியை முன்வைத்தே சொல்லப்படுகிறது. முழுக் கொள்ளளவு 6,091 மில்லியன் கனஅடி. மின் நிலையம் அணையோடு சேர்ந்து பிறந்ததன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1990-இல்தான் தலா 3 மெகாவாட் திறனுள்ள இரண்டு இயந்திரங்களுடன் அது செயல்படத் தொடங்கியது. பின்னர் வந்த விருந்தாளி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மின் நிலையம் ஏன் சில மாதங்கள் முழு மூச்சாக ஓடுகிறது, ஏன் சில மாதங்கள் பூட்டிக் கிடக்கிறது என்பது எளிதில் விளங்கும்.

அலகுகளைப் பிரித்தறிதல்

கணக்கில் இறங்குவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "அணையிலிருந்து 900 கனஅடி தண்ணீர் திறப்பு" என்று செய்தி வரும்போது, அது விநாடிக்கு 900 கனஅடி என்பதைக் குறிக்கிறது. 'விநாடிக்கு' என்ற சொல்லை எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். "இருப்பு 3,500 மில்லியன் கனஅடி" என்பதோ தேங்கி நிற்கும் நீரின் மொத்தக் கொள்ளளவு. முன்னது ஓட்டம், பின்னது சேமிப்பு. தண்ணீரைப் பற்றிய தெருமுனைச் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வருகிறது என்பது என் எண்ணம்.

இரண்டையும் இணைக்கிற பாலம் ஒரே ஓர் எண். ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருப்பதால், விநாடிக்கு 1,000 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடும் நீர் 86.4 மில்லியன் கனஅடி ஆகும். ஆகவே விநாடிக் கணக்கிலான எந்த எண்ணையும் 0.0864-ஆல் பெருக்கினால் ஒரு நாளுக்கான மில்லியன் கனஅடி கிடைத்துவிடும். டிஎம்சி என்று பெரிய அணைகளுக்குச் சொல்வது 1,000 மில்லியன் கனஅடியைத்தான். அந்த அளவில் வைகை அணை ஆறு டிஎம்சிக்குச் சற்று மேலே நிற்கிற சிறிய அணை.

வரவு செலவைச் சரிபார்த்தல்

ஒரு கற்பனை நாளை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் 60 அடி, வரத்து 1,200 கனஅடி, வெளியேற்றம் 970 கனஅடி, முந்தைய நாள் காலை இருப்பு 3,500 மில்லியன் கனஅடி என்று வைத்துக்கொள்வோம். வரத்து வெளியேற்றத்தைவிட 230 கனஅடி கூடுதல், அதை 0.0864-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 20 மில்லியன் கனஅடி. எனவே இன்று காலை இருப்பு 3,520 என்று இருக்க வேண்டும். நாளிதழில் 3,517 என்று போட்டிருந்தால், அந்த 3 மில்லியன் கனஅடி வெயிலில் ஆவியாகியோ நிலத்தில் கசிந்தோ போயிருக்கலாம். அல்லது, வரத்து காலையில் ஒரு முறை குறிக்கப்பட்ட அளவிலேயே நாள் முழுவதும் இராமல் இடையில் குறைந்திருக்கலாம். வேறுபாடு சிறிதாக இருக்கும்வரை கவலை வேண்டாம். பெரிதாக இருந்தால், இரவில் மழை பெய்து வரத்து மாறியதா, நடுவில் மதகு திறக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்பதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். 970 கனஅடி வெளியேற்றம் என்றால் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 84 மில்லியன் கனஅடி. வரத்து அடியோடு நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டால், 3,500 மில்லியன் கனஅடி இருப்பு 42 நாட்களில் தீர்ந்துவிடும். உண்மையில் அதற்கும் முன்பே திறப்பு நிறுத்தப்படும். குடிநீருக்கென்று ஒரு பங்கை வைத்தாக வேண்டும், அடியில் வண்டல் வேறு இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீர்மட்டம் பாதி என்றால் இருப்பும் பாதி என்று எண்ணிவிடக் கூடாது. நீர்த்தேக்கம் அடியில் ஒடுங்கியும் மேலே விரிந்தும் இருப்பதால், 70-ஆவது அடியில் அடங்குகிற நீர், 30-ஆவது அடியில் அடங்குவதைவிடப் பல மடங்கு அதிகம். 35 அடியில் அணை பாதி நிரம்பிவிட்டது என்று சொல்பவர், கூம்பு வடிவக் குவளையில் பாதி உயரத்துக்கு மோர் ஊற்றிவிட்டு அரைக் குவளை என்கிறவரைப் போன்றவர். ஆகவே நீர்மட்டத்தை மின்சாரக் கணக்குக்கும், இருப்பைப் பாசனக் கணக்குக்கும் பயன்படுத்துவதே முறை.

வெளியேற்றத்தைப் பிரித்துப் படித்தல்

நான்கு எண்களில் மனிதர்கள் முடிவுசெய்கிற ஒரே எண் வெளியேற்றம். மற்ற மூன்றும் மழையையும் மலையையும் பொறுத்தவை, அல்லது இந்த முடிவின் விளைவுகள். ஆகவே அணையைப் படிக்கக் கற்றுக்கொள்பவர் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

வெளியேற்றம் 70 கனஅடியை ஒட்டி இருந்தால், அது மதுரை மாநகருக்கும் ஆண்டிபட்டி, சேடபட்டி கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்குமான குடிநீர் மட்டுமே. ஜூன் தொடக்கத்தில் அது திடீரென்று 900 கனஅடிக்கு மேல் தாவினால், பெரியாறு பிரதானக் கால்வாயின் இருபோகப் பாசனப் பகுதியான 45,041 ஏக்கருக்கு முதல் போகத் தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது என்று பொருள். செப்டம்பர் வாக்கில் ஒருபோகப் பகுதி சேர்ந்துகொள்கிறது. மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கர், ஆக 1,05,002 ஏக்கர். அதற்கு மட்டும் 1,130 கனஅடி வரை திறப்பது வழக்கம். இவற்றுக்கு அப்பால், வைகை பூர்வீகப் பாசனத்துக்காக (அணைக்கு முன்பிருந்தே ஆற்று நீரை நம்பியிருந்த பழைய நிலங்களுக்காக) இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களின் கண்மாய்களுக்குத் தனித்தனியே ஆற்றில் நீர் விடப்படும் நாட்களில் வெளியேற்றம் ஆயிரக்கணக்கில் ஏறும். சித்திரை மாதத்தில், பாசனம் எதுவும் இல்லாதபோது வெளியேற்றம் சில நாட்கள் கூடியிருந்தால் தயங்க வேண்டாம்; கள்ளழகர் ஆற்றில் இறங்க மதுரைக்குத் தண்ணீர் போகிறது.

இருபோகத்துக்கான திறப்பு ஆணையில் ஒரு கணக்கு வரும். பயிற்சிக்கு அதைவிட நல்ல கணக்கு கிடையாது. முதல் 45 நாட்களுக்கு 900 கனஅடி வீதம் தொடர்ச்சியாகவும், அடுத்த 75 நாட்களுக்கு முறை வைத்தும் (சில நாள் திறந்தும் சில நாள் அடைத்தும்), ஆக 120 நாட்களுக்கு மொத்தம் 6,739 மில்லியன் கனஅடி என்று அதில் இருக்கும். முதற்பகுதியைப் போட்டுப் பாருங்கள்: 45 × 900 × 0.0864 = 3,499. மீதி 3,240-ஐ 75 நாட்களுக்குப் பங்கிட்டால் சராசரியாக 500 கனஅடி. இப்போது மொத்தத்தை அணையின் முழுக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். 6,739 கேட்கப்படுகிறது, அணை தளும்ப நிறைந்தாலும் 6,091-தான். ஒரு போகத்துக்கே அணை போதவில்லை. அப்படியானால் வைகை அணை ஒரு களஞ்சியம் என்பதைவிட, மேலிருந்து வருவதை வாங்கிக் கீழே கைமாற்றுகிற கணக்கப்பிள்ளை என்பதே பொருந்தும்.

அந்த மேலிடம் பெரியாறு. பென்னிகுவிக்கின் பொறுப்பில் கட்டப்பட்டு 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வருகிற நீர், குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு மின் நிலையத்தில் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு, முல்லையாறாகக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓடி வைகையை அடைகிறது. ஆகவே வைகையின் வரத்தைப் புரிந்துகொள்ள, அதே கட்டத்தில் பெரியாறு அணையின் வெளியேற்றத்தையும் பார்க்க வேண்டும். பெரியாற்றில் 1,300 கனஅடி திறந்திருந்தும் வைகையில் 1,000-தான் வருகிறது என்றால், இடையில் யாரும் திருடிவிடவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் தேனி மாவட்டக் குடிநீருக்குமாக 300 கனஅடி அளவில் வழியிலேயே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நீர் வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால், மேலே இன்று கூட்டியது கீழே இன்றே தெரியாமலும் போகலாம்.

மின்சாரத்தைக் கணக்கிடுதல்

ஒரு கனஅடி நீர் என்பது 28.3 லிட்டர், அதாவது ஏறத்தாழ 28.3 கிலோ எடை. விநாடிக்கு ஒரு கனஅடி வீதம் அது ஓர் அடி உயரம் இறங்கினால் ஏறத்தாழ 85 வாட் ஆற்றலைத் தரும். குழாயின் உராய்வு, டர்பைன், மின்னாக்கி ஆகியவற்றில் நூற்றில் பதினைந்து பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், கையில் நிற்பது 72 வாட். அதாவது விநாடிக்குப் பதினான்கு கனஅடி நீர் ஓர் அடி இறங்கினால் ஒரு கிலோவாட். இதிலிருந்து மனத்தில் வைத்துக்கொள்ளத் தகுந்த எளிய விதி ஒன்று கிடைக்கிறது: டர்பைன் வழியே போகும் கனஅடியை, நீர் இறங்கும் உயரத்தின் அடிக் கணக்கால் பெருக்கி, 14-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும்.

நீர்மட்டம் 60 அடியாக இருக்கும்போது 900 கனஅடி டர்பைன் வழியே விடப்பட்டால், 900 × 60 ÷ 14 = 3,857 கிலோவாட். ஒரு இயந்திரத்தின் 3 மெகாவாட்டுக்கு மேல், இரண்டின் 6 மெகாவாட்டுக்குக் கீழ். ஆகவே இரண்டு இயந்திரங்களும் பகுதிச் சுமையில் ஓடும், அல்லது ஒன்று முழுமையாக ஓட, மிஞ்சுகிற நீர் வேறு வழியாகப் போகும். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் கிடைத்தால் அது ஒரு யூனிட். 24 மணி நேரமும் இதே அளவில் நடந்தால் 92,000 யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கிற வீடுகள் என்று பார்த்தால், 27,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் அன்றாடத் தேவை அது. நீர்மட்டம் 45 அடிக்கு இறங்கிய பிறகும் அதே 900 கனஅடி விடப்பட்டால் கணக்கு 2,893 கிலோவாட்டாகக் குறைகிறது. வயலுக்குப் போகும் தண்ணீரில் ஒரு சொட்டும் குறையவில்லை. மின்சாரத்தில் மட்டும் கால் பங்கு போய்விட்டது.

இந்த விடைகளை மேல் எல்லையாகவே கொள்ள வேண்டும். நாளிதழில் வரும் நீர்மட்டம் அணையின் அளவுகோலில் பார்ப்பது; டர்பைனுக்கு உதவுவதோ, தேக்கத்தின் மேல்மட்டத்துக்கும் மின் நிலையத்தைவிட்டு வெளியேறும் நீரின் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. அது சில அடிகள் குறைவாக இருக்கலாம். அத்துடன் எந்த இயந்திரத்துக்கும் தாங்கும் அளவில் ஒரு மேல் எல்லையும், ஓடுவதற்கு வேண்டிய ஒரு கீழ் எல்லையும் உண்டு.

அந்தக் கீழ் எல்லைதான் மின் நிலையம் கோடையில் உறங்குவதன் காரணம். குடிநீருக்கான 70 கனஅடி, 60 அடி உயரத்தில், 300 கிலோவாட் தரும். 3 மெகாவாட் இயந்திரத்துக்கு அது பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் பெரிய டர்பைனைச் சுழற்றினால் அதிர்வும் இறக்கைத் தேய்மானமும்தான் மிச்சமாகும். அதனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நீரை மதகு வழியே விடுவதே நல்லது. மேல் எல்லையையும் விதியே சொல்லித் தருகிறது. 60 அடியில் 6 மெகாவாட்டுக்கு வேண்டிய நீர் 1,400 கனஅடி. பூர்வீகப் பாசனத்துக்கு 3,000 கனஅடி விடப்படும் நாளில் அதில் பாதிக்கு மேற்பட்ட நீர் டர்பைனைத் தொடாமலே மதகுகளில் இறங்கிப் போகும். உசிலம்பட்டிப் பகுதிக்கான 58 கிராமக் கால்வாய் நீரும் இந்தக் கணக்கில் சேராது. நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால் மட்டும் ஏறுகிற உயரத்தில், தேக்கத்திலிருந்தே நேராகப் பிரிகிற கால்வாய் அது.

"மின்சாரம் எடுப்பதற்காகத் தண்ணீரை வீணாக்குகிறார்கள்" என்ற பேச்சை ஊருக்குள் கேட்கும்போது, எதிர்த்துப் பேசுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லியன் கனஅடி நீர் 60 அடி இறங்கினால் ஏறத்தாழ 1,190 யூனிட் கிடைக்கும். அதே நீர் லோயர் கேம்ப்பில் ஆயிரம் அடிக்கு மேல் இறங்கியபோதே ஏறத்தாழ 20,000 யூனிட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. அங்கே தலா 42 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்களுக்கு 168 மெகாவாட் திறன் இருப்பது அந்த உயரத்தினால்தான். மின்சாரம் ஒன்றுக்காகவே தண்ணீரைத் திறக்க வேண்டும் என்ற ஆசை வைகை அணையில் எழுவதற்கு இடமே இல்லை. இங்கே பாசனமும் குடிநீரும் சொல்கிற நேரத்தில், சொல்கிற அளவில் போகிற நீரின் முதுகில் ஏறிக்கொண்டு மின்சாரம் போகிறது. பேச்சில் உண்மை இருக்கிறதா என்று ஐயம் வந்தால், பாசனத் திறப்பு ஆணை இல்லாத நாளில் வெளியேற்றம் 70 கனஅடிக்கு மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாதவரை அந்தக் குற்றச்சாட்டுக்கு எண்களில் ஆதாரம் கிடையாது.

வெள்ளக் காலத்தில் படித்தல்

மழைக் காலத்தில் மட்டும் வரிசை தலைகீழாகிறது; அப்போது முதலில் பார்க்க வேண்டியது நீர்மட்டத்தை. 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு இவை அறிவிக்கப்படுகின்றன. 71 அடி வரை இடமிருந்தும் 69 அடியிலேயே, வருகிற நீரை அப்படியே வெளியேற்றத் தொடங்குவது வழக்கம். எஞ்சிய இரண்டு அடியும் திடீர் வரத்தைத் தாங்குவதற்கான இடம்.

அணை 66 அடியைத் தொட்ட நாளில் வீட்டிலிருந்தே ஒரு கணக்குப் போடலாம். அன்றைய இருப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு 69 அடியில் நின்ற நாளின் இருப்பு உங்கள் குறிப்பேட்டில் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள நாளொன்றின் வேறுபாட்டால் வகுத்தால், மூன்றாவது எச்சரிக்கை எத்தனை நாளில் வரும் என்று தெரியும். வைகையில் வருசநாட்டு மலைப் பக்கத்து மழை ஒரே இரவில் வரத்தைப் பல மடங்காக்கிவிடும் என்பதால், விடை 'இரண்டு நாள்' என்று வந்தால் அதை 'நாளைக் காலை' என்று படிப்பதே பாதுகாப்பு. ஆற்றுக்குள் மோட்டார் வைத்திருப்பவர்களும், கரையில் ஆடு மாடு கட்டுபவர்களும் முதல் எச்சரிக்கைக்கே எழுந்துவிடுவது நல்லது. சங்கு ஊதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று ஓராண்டுக்குப் போதும். நாள், நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு, பெரியாற்றின் வெளியேற்றம் என்று ஆறு பத்திகள் போட்டு, ஏழாவது பத்தியில் நீங்கள் கணக்கிட்ட கிலோவாட்டை எழுதுங்கள். எட்டாவதாக ஒரு பத்தியைக் காலியாக விட்டு, "பேரணையில் தண்ணீர் வந்துவிட்டது", "கால்வாய் அடைப்பு", "முறை நாள்" என்று காதில் விழுந்தவற்றைக் குறித்துவாருங்கள். இரண்டு போகம் கடந்த பிறகு அந்த எட்டாவது பத்திதான் மற்ற ஏழையும்விட அதிகமாகப் பயன்படும். அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில், பெரியாற்றில் இவ்வளவு, வைகையில் இவ்வளவு என்று இரண்டு இருப்புகளையும் கூட்டிப் பார்த்து, ஜூன் முதல் வாரத்தில் மதகு திறக்குமா, நாற்றங்காலுக்கு விதை வாங்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம், சென்ற ஆண்டின் அதே தேதிக்குரிய பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.